குழந்தையின் பல்: முதல் முளையிலிருந்து ஞானப் பல் வரை

குழந்தையின் பல்லைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோர் கண்ணும் முன்பல்லுக்குத்தான் போகும். எப்போது முளைத்தது, எப்போது விழுந்தது, கோணலாக வருகிறதா, நடுவில் சந்து இருக்கிறதா என்றே கேட்பார்கள். சிரித்தால் தெரிவது அதுதானே. ஆனால் சின்ன வயதில் பல் கெட்டுப்போவது பெரும்பாலும் சிரித்தால் தெரியாத இடங்களில்: மேலுதட்டுக்குள் ஈறை ஒட்டிய விளிம்பு, கடைவாய்ப் பல்லின் பள்ளங்கள், இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கு. முதல் குழந்தையை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த வயதில் எங்கே பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும், எதைக் கண்டு பயப்படாமல் இருக்கலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

விழுந்துவிடும் பல்தானே?

முதலில் இந்தக் கேள்வியைத் தீர்த்துவிடலாம். பால் பற்கள் மொத்தம் 20. அவற்றில் முன்பற்கள் 6 வயதிலிருந்து விழத் தொடங்கும், உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. 4 வயதில் அதில் ஒன்று சொத்தையானால், குழந்தை இன்னும் ஆறேழு வருடம் அந்தப் பல்லால்தான் மென்றாக வேண்டும்.

வலிக்கிறது என்று சீக்கிரமே பிடுங்கிவிட்டால் வேறொரு சிக்கல் வரும். பின்னால் இருக்கும் பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல் வெளியே வர வழியில்லாமல் கோணிக்கொண்டு வரும், அல்லது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் பல் டாக்டர்கள் சில சமயம் அந்த இடத்தில் ஒரு சின்ன உலோக வளையம் மாட்டி இடத்தைக் காப்பாற்றி வைக்கிறார்கள். பால் பல்லின் வேரில் சீழ் கட்டினாலோ, கீழே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் (பல்லை மூடியிருக்கும் கெட்டியான வெளிப்படலம்) கறையோடும் குழியோடும் வரக்கூடும்.

இன்னொன்று, பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதி கனம்தான். அதனால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கும். சின்னக் கரும்புள்ளியாக இருந்ததுதான் சில மாதங்களில் இரவில் அழவைக்கும் வலியாகிறது.

சொத்தை விழும் விதத்தையும் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேல் அமிலத்தன்மை கூடி, அதை அளக்கும் பி.எச். அளவு (அமிலம் கூடக்கூட இது குறையும்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் இதைச் சமன்படுத்த அரை மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும். அப்புறம் கரைந்துபோன தாதுக்களில் ஒரு பகுதி திரும்பப் பல்லில் படியும். பேஸ்ட்டில் கலக்கும் ஃபுளோரைடு என்ற பொருள் செய்யும் வேலை, இப்படித் திரும்பப் படிவதற்குக் கைகொடுப்பது.

ஆகவே எவ்வளவு இனிப்பு தின்றது என்பதைவிட எத்தனை தடவை தின்றது என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒரு சாக்லேட்டை ஒரே தடவையில் தின்று முடிக்கும் குழந்தையின் பல், அதே சாக்லேட்டை மதியம் முழுக்கக் கொறிக்கும் குழந்தையின் பல்லைவிடப் பத்திரமாக இருக்கும்.

முதல் வருடம்: பல் முளைக்கும் காலம்

முதல் பல் சராசரியாக 6 மாதத்தில் எட்டிப்பார்க்கும். 4 மாதத்தில் வந்தாலும் சரி, பிறந்தநாள் கொண்டாடும்போது வந்தாலும் சரி, அது அந்தக் குழந்தையின் கணக்கு. வழக்கமாக முதலில் கீழ் நடுப் பற்கள் இரண்டு, அடுத்து மேல் நடுப் பற்கள், பிறகு அவற்றின் பக்கத்துப் பற்கள் வரும். முதல் கடைவாய்ப் பற்கள் 13 முதல் 19 மாதத்துக்குள்ளும், கோரைப் பற்கள் 16 முதல் 23 மாதத்துக்குள்ளும், இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதத்துக்குள்ளும் வரும். மூன்று வயதை ஒட்டி 20 பற்களும் இருக்கும். வரிசை கொஞ்சம் முன்னே பின்னே மாறுவது சாதாரணம். 18 மாதம் ஆகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அபூர்வமாகச் சில குழந்தைகள் பல்லோடே பிறக்கும். அந்தப் பல் நன்றாக ஆடினாலோ, நாக்கில் புண் உண்டாக்கினாலோ உடனே காட்ட வேண்டும். கழன்று தொண்டைக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் கவலை.

பல் முளைக்கும்போது ஈறு வீங்கும், எச்சில் வடியும், கையில் கிடைத்ததையெல்லாம் குழந்தை கடிக்கும், சிணுங்கும், தூக்கம் கெடும். உடம்பு லேசாகச் சூடாக இருக்கலாம். ஆனால் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இவற்றையெல்லாம் பல்லின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதும், தரையில் கிடப்பதை எல்லாம் குழந்தை வாயில் வைக்கத் தொடங்குவதும் இதே மாதங்களில்தான். காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கும். அதைத் தேட வேண்டும்.

வலிக்கு என்ன செய்யலாம்? கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலால் ஈறை மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். கடிப்பதற்கான ரப்பர் வளையத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்துக் கொடுக்கலாம். ஃபிரீசரில் வைத்துக் கல்லாக்கிக் கொடுக்க வேண்டாம், ஈறு புண்ணாகிவிடும். ஈறை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் கலந்த ஜெல்லை 2 வயதுக்குள் தடவவே கூடாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைக்கும் ஆபத்து அதில் உண்டு என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் கடுமையாக எச்சரித்தது. பல் வலிக்கு என்று விற்கும் மணி மாலைகளும் வேண்டாம். கழுத்தை இறுக்கும், அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும்.

பல் வருவதற்கு முன்பே ஈரத்துணியால் ஈறைத் துடைத்துவிடும் பழக்கம் உண்டு. சொத்தை பிடிக்கப் பல்லே இல்லாதபோது இது கட்டாயமில்லை. ஆனாலும் செய்யச் சொல்வேன், ஏனென்றால் வாய்க்குள் இன்னொருவர் விரல் வருவது குழந்தைக்குப் பழகிவிடும். பிறகு பிரஷ் வரும்போது போராட்டம் குறையும்.

பல் தேய்ப்பது: முதல் பல் வந்த நாளிலிருந்து

"ஒரே ஒரு பல்தானே, எல்லாம் வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். முதல் பல் வந்த அன்றே தொடங்குங்கள். தலை சிறியதாக, நார் மிருதுவாக உள்ள பிரஷ் போதும்.

பேஸ்ட் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். சின்னக் குழந்தைக்கு ஃபுளோரைடு வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழைய ஆலோசனை அப்படித்தான் இருந்தது. 2 வயதுக்குப் பிறகே ஃபுளோரைடு பேஸ்ட் என்று சொல்லிவந்த அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2014-இல் அதை மாற்றி, முதல் பல்லிலிருந்தே பயன்படுத்தலாம், ஆனால் அளவு முக்கியம் என்றது. 3 வயது வரை அரிசி மணி அளவு. 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பேஸ்ட் வைக்கத் தேவையில்லை.

வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். குழந்தைப் படம் போட்டிருப்பதால் மட்டும் அது சரியான பேஸ்ட் ஆகிவிடாது. சிலவற்றில் ஃபுளோரைடு இல்லவே இல்லை, சிலவற்றில் மிகக் குறைவு. 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) ஆவது இருக்க வேண்டும். அரிசி மணி அளவுப் பேஸ்ட்டில் 0.1 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஃபுளோரைடு இருக்கும் என்பதால் விழுங்கினாலும் பெரிய பாதகமில்லை. ஆனால் 8 வயதுக்குள் தினமும் நிறையப் பேஸ்ட்டை விழுங்கிவந்தால் நிரந்தரப் பற்கள் வெள்ளைக் கோடுகளோடும் திட்டுகளோடும் வரலாம். இனிப்பாக இருக்கிறது என்று டியூபைப் பிதுக்கித் தின்னும் குழந்தைகள் உண்டு, எட்டாத இடத்தில் வையுங்கள். உங்கள் குடிநீரிலேயே ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் (உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை அது) எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்று பல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தேய்க்கும் முறை இது:

1. குழந்தை உங்கள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கட்டும். ஒன்றரை வயதுக் குழந்தை உதைத்துப் புரண்டால் இரண்டு பெரியவர்கள் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் மடியில் தலையை வைத்துத் தேய்க்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிறகு, நிற்கும் குழந்தையின் பின்னால் நீங்கள் நின்று, அதன் தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொள்ளுங்கள்.
2. இன்னொரு கை விரலால் உதட்டையும் கன்னத்தையும் விலக்குங்கள். விலக்காமல் தேய்த்தால் பிரஷ் போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது.
3. கடைவாயில் தொடங்குங்கள். முன்பல்லில் தொடங்கினால் பின்னால் போவதற்குள் குழந்தையின் பொறுமை தீர்ந்துவிடும்.
4. பிரஷைக் கொஞ்சம் சாய்த்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். மெல்லும் பரப்பில் முன்னும் பின்னும் தேய்க்கலாம். பற்களின் உட்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.
5. நுரையைத் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். துப்பத் தெரியாத வயதில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

இப்படி ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 2 நிமிடம். ஒரு வேளை தவறிப்போகும் என்றால் அது காலை வேளையாக இருக்கட்டும், இரவில் தவறவே கூடாது. தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும், பல்லைக் கழுவ வாயில் எதுவும் இருக்காது. இரவு தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான்.

அழுதால்? அழும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கும், வேலை சீக்கிரம் முடியும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி முடித்துவிடுங்கள்.

குழந்தை தானே தேய்க்க ஆசைப்படுவது நல்லதுதான். காலையில் அதுவே தேய்க்கட்டும், இரவில் உங்கள் கை. 7 அல்லது 8 வயது வரை இது தொடர வேண்டும். ஷூ லேஸைத் தானே இறுக்கமாகக் கட்டத் தெரியாத கைக்குக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தைத் தேய்க்கும் லாகவம் வந்திருக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரஷை மாற்றுங்கள், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

இரண்டு பற்கள் ஒட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கியதும் இடுக்கில் பிரஷ் நுழையாது. பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டி பால் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் நடுவில் இப்படி ஆகும். கைப்பிடி வைத்த ஃபிளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல்) வாங்கிக்கொண்டால் இரவில் நான்கு இடுக்குகளை இழுத்துவிட அரை நிமிடம்கூட ஆகாது. வீடுகளில் அதிகம் விட்டுப்போகும் வேலை இதுதான்.

பால் பாட்டிலும் தூக்கமும்

குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் நான்கும் ஒன்றாகக் கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். வாயில் பாட்டிலோடு தூங்கிப்போவது இதற்கு முக்கியக் காரணம். பாலிலும் சர்க்கரை உண்டு. உறிஞ்சுவது நின்றதும் பால் மேல் பற்களைச் சுற்றித் தேங்கிவிடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றும், மேல் பற்களுக்கு அந்தத் துணை கிடையாது.

6 மாதத்திலேயே கப்பில் குடிக்கப் பழக்கத் தொடங்கி, ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை முழுதாக நிறுத்திவிடுங்கள். பாட்டில் இல்லாமல் தூங்காது என்றால் அதில் தண்ணீர் மட்டும். சூப்பானில் தேனோ சர்க்கரையோ தொட்டுக் கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் பல்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தாகும் நச்சுநோயை உண்டாக்கக்கூடும். பழச்சாறு ஒரு வயதுக்குள் தேவையே இல்லை. அதற்குப் பிறகும் சாப்பாட்டு வேளையில் கப்பில் கொஞ்சம் கொடுத்தால் போதும், பாட்டிலில் ஊற்றி நாள் முழுக்கக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

தாய்ப்பால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வருடம் பயமே வேண்டாம். பல் வந்த பிறகு, ஒரு வயதைத் தாண்டியும், இரவு முழுவதும் நினைத்தபோதெல்லாம் குடித்துக்கொண்டே தூங்கும் குழந்தைக்குச் சொத்தை வரும் வாய்ப்பு கூடுகிறது. இதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. படுக்கும் முன் பல்லைத் தேய்த்துவிடுங்கள், இரவில் கொடுக்கும் தடவைகளை மெல்லக் குறையுங்கள்.

ஒட்டும் தின்பண்டங்கள், உலர்ந்த பழங்கள், பிஸ்கட் இவையெல்லாம் பல் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். வேண்டவே வேண்டாம் என்று தடை போட்டால் வீட்டில் தினமும் சண்டைதான் மிஞ்சும். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், நடுநடுவே வேண்டாம். தொடர்ந்து சிரப் குடிக்கும் குழந்தை என்றால் சர்க்கரை இல்லாத வகை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் குழந்தை ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில், குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி ஈறை ஒட்டிய விளிம்பைப் பாருங்கள். பளபளப்பு போய் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் அடையாளம். இன்னும் குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் சரியாகத் தேய்த்து, இனிப்புத் தடவைகளைக் குறைத்து, டாக்டர் ஃபுளோரைடு பூச்சு போட்டுவிட்டால் பல் மீண்டும் கெட்டிப்படும். பழுப்பாகி குழி விழுந்த பிறகு தானாகச் சரியாகாது. ஆனால் எல்லாக் கருமையும் சொத்தை இல்லை. இரும்புச் சத்து டானிக் குடிக்கும் குழந்தைக்குப் பல்லில் கருப்புக் கறை படியும், அதை டாக்டர் துடைத்து எடுத்துவிடுவார்.

முதல் தடவை பல் டாக்டரிடம் போக வேண்டியது முதல் பல் வந்த 6 மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள். வலி வந்த பிறகு முதன்முதலாகப் போகும் குழந்தைக்கு அந்த நாற்காலி என்றாலே பயம் ஒட்டிக்கொள்ளும். எதுவும் கெடாதபோது போனால் டாக்டர் எண்ணிப் பார்ப்பார், பூச்சு தடவுவார், அவ்வளவுதான். வீட்டில் சேட்டை செய்தால் "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதன் விலையைப் பின்னால் நீங்கள்தான் கொடுக்க வேண்டிவரும்.

ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சை 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை போடுவார்கள். ஒரு நிமிட வேலை, வலிக்காது. உட்கார்ந்து அடைக்க ஒத்துழைக்காத சின்னக் குழந்தையின் குழிகளுக்கு சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்தும் வழியும் இருக்கிறது. ஊசி இல்லை, துளைப்பது இல்லை. ஒரே குறை, சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கருத்துவிடும். கடைவாய்ப் பல்லில் கருத்தால் என்ன, மயக்க மருந்து இல்லாமல் தப்பியது என்று நினைப்பதே நல்லது என்பது என் கருத்து. நரம்பு வரை போன பால் கடைவாய்ப் பல்லுக்கு உள்ளே சுத்தம் செய்து உலோக கேப் போடுவார்கள். பால் பல்லுக்குப் போய் கேப்பா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம், காரணத்தை மேலே பார்த்தோம்.

வலிக்குப் பாராசிட்டமால் எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் 16 வயதுக்குள் கூடாது. மாத்திரையை ஈறில் வைத்து அழுத்தினால் ஈறு வெந்துபோகும். முகம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, கண்ணைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விரல் சூப்புவது, பல்லை நறநறவென்று கடிப்பது இரண்டும் இந்த வயதின் பொதுவான கவலைகள். தூக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும், பல் தேய்ந்து கூச்சம் வந்தால் மட்டும் காட்டுங்கள். விரல் சூப்புவது 3, 4 வயதுக்குள் நின்றுவிட்டால் பல்லின் அமைப்பு பெரும்பாலும் தானே சரியாகும். நிரந்தர முன்பல் வரும் வரை நீடித்தால்தான் மேல் பற்கள் துருத்தி, வாயை மூடினாலும் முன்னால் சந்து விழும். திட்டினால் ஒளிந்து சூப்பும். சூப்பாத நாளைப் பாராட்டினால் பலன் கிடைக்கும்.

ஆறு வயது: யாரும் கவனிக்காத பல்

எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 6 வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலும் கீழுமாக நான்கு நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் வருகின்றன. இவற்றுக்கு இடம் விட எந்தப் பல்லும் விழாது, ஆடாது, இரத்தம் வராது. முன்பல் ஆடுகிறது என்று வீடே கொண்டாடிக்கொண்டிருக்கும்போது இவை சத்தமில்லாமல் வந்துவிடும். பால் பல்தான் என்று நினைத்து, சொத்தையானதும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். முளைக்காது. வாழ்நாள் முழுக்க மெல்லும் சுமையில் பெரும்பங்கு இந்த நான்கின் மேல்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒவ்வொரு பக்கமும் பால் பற்கள் ஐந்து. ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது நிரந்தரப் பல். ஐந்தரை வயதிலிருந்தே மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

இந்தப் பல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? ஈறை விட்டு முழுதாக வெளிவரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால், நேராக ஓட்டும் பிரஷ் அதைத் தொடாமல் மேலாகவே போய்விடும். மெல்லும் பரப்பிலுள்ள பள்ளங்களில் சில, பிரஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலானவை. போதாததற்கு, புதிதாக வந்த எனாமல் முழுமையாகக் கெட்டிப்பட இன்னும் சில வருடம் பிடிக்கும்.

அதனால் இரண்டு காரியங்கள். ஒன்று, பிரஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தேயுங்கள். இரண்டு, பல் போதுமான அளவு வெளிவந்ததும் டாக்டரிடம் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் போடச் சொல்லுங்கள். பல்லைக் கழுவி, உலர்த்தி, திரவமாக இருக்கும் ரெசினைப் பள்ளத்தில் ஓடவிட்டு ஒளியால் இறுகவைப்பார்கள். துளைப்பது இல்லை, ஊசி இல்லை, பல் ஒன்றுக்குச் சில நிமிடம். சில வருடங்களில் கொஞ்சம் பெயர்ந்துபோகலாம், ஒவ்வொரு தடவை போகும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். 12 வயதில் அதற்குப் பின்னால் வரும் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கும் இதே கவனிப்புத்தான்.

சில குழந்தைகளுக்கு இந்தப் பல் வரும்போதே மஞ்சளாக, பழுப்பாக, சுண்ணாம்புத் திட்டோடு வரும், தண்ணீர் பட்டாலே கூசும். இது தேய்க்காததால் வந்தது இல்லை, எனாமல் உருவாகும்போதே நேர்ந்த குறை. இப்படிப்பட்ட பல் வேகமாக உடையும், அதனால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

பற்கள் விழும் வருடங்கள்

6 முதல் 12 வயது வரை வாயில் பாலும் நிரந்தரமும் கலந்திருக்கும். பார்க்கக் குழப்பமாக இருந்தாலும் பெரும்பாலானவை இயல்புதான்.

கீழ் முன்பல் விழும் முன்பே அதன் பின்னால் நிரந்தரப் பல் முளைத்து இரட்டை வரிசையாகத் தெரியலாம். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் நாக்கால் அசைக்கச் சொல்லுங்கள். அது விழுந்ததும் நாக்கின் அழுத்தமே புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும். கொஞ்சமும் ஆடாமல் சில மாதம் நின்றால் டாக்டரிடம் போங்கள். புதுப்பல் பால் பல்லைவிட மஞ்சளாகத் தெரிவது இயற்கை. 8 வயதில் மேல் நடுப்பற்களுக்கு இடையே சந்து விழுந்து அகலமாகத் தெரியும். 11, 12 வயதில் கோரைப் பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் மூடிக்கொள்ளும், அவசரப்பட்டுக் கிளிப் போட வேண்டாம். ஒரு பக்கப் பல் வந்து 6 மாதம் ஆகியும் மறுபக்கத்துப் பல் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆடும் பல்லை நூல் கட்டி இழுக்க வேண்டாம், தானாக விழும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள்.

அடிபட்டுப் பல் விழுந்தால்

இதை இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள், நடக்கும்போது தேட நேரம் இருக்காது. முதலில் விழுந்தது பால் பல்லா, நிரந்தரப் பல்லா என்று பாருங்கள். 6 வயதுக்குள் என்றால் ஏறக்குறைய நிச்சயமாகப் பால் பல். அதைத் திரும்பப் பொருத்தவே கூடாது, அடியில் இருக்கும் பல் சேதமாகும். இரத்தத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அடிபட்ட பால் பல் சில வாரத்தில் சாம்பல் நிறமானால் பதற வேண்டியதில்லை, ஈறில் கொப்பளம் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

நிரந்தரப் பல் என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்:

1. பல்லை மேல்பாகத்தில் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், வேரில் ஒட்டியிருக்கும் உயிருள்ள செல்கள்தான் பல்லைத் திரும்ப ஒட்டவைக்கும்.
2. அழுக்காக இருந்தால் பாலிலோ சலைனிலோ சில விநாடி அலசுங்கள். அவை இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் ஒரு கணம். சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம்.
3. முடிந்தால் அந்த இடத்திலேயே திரும்பச் செருகி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள்.
4. செருகத் துணிச்சல் வரவில்லை என்றால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப்போங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் அந்தச் செல்கள் வெடித்துச் செத்துவிடும். காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனாலும் உலர்ந்து வீணாகும்.
5. அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரப் பாருங்கள். வெளியே உலர்ந்தபடி ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பல் நிலைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

பல்லின் ஒரு துண்டு மட்டும் உடைந்திருந்தால் துண்டையும் பாலில் போட்டு எடுத்துப்போங்கள், பல சமயம் அதையே ஒட்டிவிட முடியும். மோதல் உள்ள விளையாட்டுகளுக்குப் போகும் பிள்ளைக்கு வாய்க்கவசம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கிளிப்பும் பதின்வயதும்

பற்களின் அமைப்பைப் பற்றிய முதல் ஆலோசனையை 7 வயதில் கேட்கலாம். அந்த வயதிலேயே கிளிப் போடுவார்கள் என்று பொருளில்லை. மேல் தாடை குறுகலாக இருக்கிறதா, கீழ்ப்பல் மேற்பல்லுக்கு முன்னால் மூடுகிறதா என்று பார்க்கத்தான். இத்தகைய ஓரிரு குறைகளைச் சீக்கிரம் சரிசெய்தால் நல்லது. மற்றபடி கிளிப் போடும் வயது பெரும்பாலும் 11-இலிருந்து 14. கம்பியைச் சுற்றிச் சரியாகத் தேய்க்காமல் இருந்தால், கிளிப்பைக் கழற்றிய அன்று பல் நேராக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பல்லிலும் வெள்ளைச் சதுரம் விழுந்திருக்கும். தேய்க்கச் சோம்பல்படும் பிள்ளைக்குக் கிளிப்பைத் தள்ளிப்போடுவதே மேல்.

பதின்வயதில் சோடாவும் எனர்ஜி டிரிங்கும் வரும். சர்க்கரை இல்லாத வகையிலும் அமிலம் இருக்கிறது, எனாமலைக் கரைக்கும். குடித்த உடனே பல் தேய்க்க வேண்டாம், மிருதுவாகிப்போன பரப்பைத் தேய்த்து எடுத்ததுபோல் ஆகும். தண்ணீரால் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கட்டும். இந்த வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதாக வீங்கி, தேய்க்கும்போது இரத்தம் கசியும். இரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டால் வீக்கம் கூடும். மிருதுவான பிரஷால் அங்கேதான் இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போகலாம்.

ஞானப் பல் வழக்கமாக 17 முதல் 21 வயதுக்குள் எட்டிப்பார்க்கும். சிலருக்கு அது உருவாவதே இல்லை, அதனால் குறையும் இல்லை. நேராக வந்து தேய்க்க எட்டினால் இருந்துவிட்டுப் போகட்டும். சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டினாலோ, பாதி மூடிய ஈறுக்குள் உணவு சிக்கி அடிக்கடி வீங்கினாலோ எக்ஸ்ரே எடுத்து, எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.